ஒரு ஷார்டொனே புளிக்கிறது, இன்னொன்று வெண்ணெயாய் மணக்கிறது: ஏன்?

வந்த கேள்வி இது: “வெளிநாட்டிலிருந்து வந்த நண்பர் இரண்டு புட்டி வெள்ளை ஒயின் கொடுத்தார். ஒன்றில் ஷாப்லி என்று இருந்தது, மற்றதில் கலிஃபோர்னியா ஷார்டொனே. இரண்டும் ஒரே திராட்சைதான் என்றார். முதலாவது வாயைச் சுருக்கும் புளிப்பு. இரண்டாவதில் வெண்ணெயும் வனிலாவும் தவிர வேறொன்றும் தெரியவில்லை. எது அசல் ஷார்டொனே? எதை எந்தச் சாப்பாட்டோடு குடிப்பது?”

உங்கள் நண்பர் சொன்னது சரி. இரண்டும் ஒரே திராட்சை, இரண்டும் அசல். குழப்பத்துக்குக் காரணம், அந்தத் திராட்சைக்குச் சொந்தமாகப் பேச அதிகம் எதுவும் இல்லாததுதான்.

கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சை உங்களுக்குத் தெரிந்திருக்கும். அது மஸ்கட் ஹாம்பர்க் என்ற வகை. கண்ணை மூடிக்கொண்டு ஒரு பழத்தை வாயில் போட்டாலும் இன்னதென்று சொல்லிவிடலாம். மஸ்கட் குடும்பத்துப் பழங்களில் டெர்பீன் எனப்படும் மணப்பொருள்கள் ஏராளம். ஒயினாக்கினாலும் அந்த வாசனை அப்படியே கூட வரும். ஷார்டொனே அப்படியல்ல. பறித்துத் தின்றால் இனிப்பு உண்டு, புளிப்பு உண்டு, வாசனை என்று தனியாக எதுவும் மூக்கில் ஏறாது. அதனால் கண்ணாடிக் கோப்பையில் நீங்கள் முகர்வதில் பெரும்பகுதி, பழம் விளைந்த ஊரின் குளிரிலிருந்தும் வெயிலிலிருந்தும் ஒயின் செய்தவர் எடுத்த முடிவுகளிலிருந்தும் வருவது. “எனக்கு ஷார்டொனே பிடிக்காது” என்று யாராவது சொன்னால், எந்த ஊருடையது, யார் செய்தது என்று திருப்பிக் கேட்பதுதான் என் வழக்கம்.

பூர்வீகத்தைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். கிழக்கு பிரான்சின் பர்கண்டிதான் தாய்வீடு. அங்கே மாக்கோன் நகருக்குப் பக்கத்தில் ஷார்டொனே என்ற பெயரிலேயே ஒரு சின்னக் கிராமம் இருக்கிறது. நெடுங்காலம் இதை வெள்ளைப் பினோ என்று நினைத்தவர்கள் உண்டு. 1999இல் கலிஃபோர்னியப் பல்கலைக்கழக டேவிஸ் வளாகத்தைச் சேர்ந்த கரோல் மெரடித்தின் குழு, பிரான்சின் மோன்பெலியே ஆய்வாளர்களோடு சேர்ந்து டிஎன்ஏ சோதனை முடிவை வெளியிட்டது. ஷார்டொனேயின் பெற்றோர் யார் என்று அதில் தெரிந்தது. ஒரு பக்கம் பினோ, பர்கண்டியின் ராஜ திராட்சை. மறுபக்கம் குவே பிளாங் என்ற, குடியானவர்கள் தங்கள் தேவைக்கு வளர்த்த, மட்டமானது என்று பெயரெடுத்த வெள்ளைத் திராட்சை. இடைக்காலத்தில் வடகிழக்கு பிரான்சில் இரண்டும் அருகருகே வளர்ந்தன, தானாகக் கலந்தன. அதே ஜோடிக்குப் பிறந்ததாக அந்த ஆய்வில் தெரிந்த வகைகள் 16. அலிகொத்தே ஒரு கூடப்பிறப்பு. கமே இன்னொன்று. அந்தக் கமேயைத்தான் 1395இல் பர்கண்டிக் கோமகன் பிலிப் தன் நிலத்திலிருந்து பிடுங்கி எறியச் சொல்லி ஆணையிட்டார். ஒரு வயிற்றுப் பிள்ளைகளில் ஒருவருக்கு அரண்மனை, ஒருவருக்கு நாடு கடத்தல்.

இனி நீங்கள் குடித்த முதல் புட்டி. ஷாப்லி என்பது பர்கண்டியின் வடக்குக் கோடியில், செரான் ஆற்றங்கரையில் உள்ள சிற்றூர். மற்ற பர்கண்டித் தோட்டங்களை விட ஷாம்பெயின் பகுதிக்குத்தான் கிட்டம். குளிர் அதிகம், பழம் மெதுவாகப் பழுக்கும், புளிப்பு குறையாமல் நிற்கும். அந்தப் புளிப்புதான் உங்கள் வாயைச் சுருக்கியது. அது குறையல்ல, அந்த ஊரின் அடையாளம்.

அதற்கு அந்த ஊர் கொடுக்கும் விலையும் சாதாரணமல்ல. ஷார்டொனே கொடி வசந்தத்தில் சீக்கிரமே துளிர்த்துவிடும். ஏப்ரலில் திடீரென்று ஓர் இரவு உறைபனி இறங்கினால் துளிர் கருகி, அந்த ஆண்டு விளைச்சலே போய்விடும். அதனால் ஏப்ரல் இரவுகளில் அங்கே பலருக்குத் தூக்கம் கிடையாது. கொடி வரிசைகளுக்கு நடுவே பாரஃபின் மெழுகு நிரப்பிய தகர வாளிகளை ஹெக்டேருக்கு நூற்றுக்கணக்கில் வைத்து, விடிவதற்குள் ஒவ்வொன்றாகக் கொளுத்துகிறார்கள். இன்னொரு முறை பார்ப்பதற்கு விபரீதமாகத் தெரியும்: உறையும் குளிரில் கொடிகள் மேல் தண்ணீர் தெளிப்பது. தண்ணீர் பனிக்கட்டியாக மாறும்போது வெப்பத்தை வெளிவிடும். தொடர்ந்து தெளித்துக்கொண்டே இருந்தால், பனிக்கூட்டுக்குள் இருக்கும் மொட்டு சுழியம் டிகிரியை ஒட்டியே நின்று பிழைத்துக்கொள்ளும். நடுவில் பம்பு நின்றால் போச்சு. சும்மா விட்டிருந்தால் ஆகும் சேதத்தை விட அதிகம் ஆகும். வெயில் ஏறிப் பனி உருகும் வரை நிறுத்தக் கூடாது. இவ்வளவு செய்தும் 2021 ஏப்ரலில் பெரும் நஷ்டம். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஃபைலாக்ஸெரா பூச்சி, ரயில் வழியே பாரிசுக்கு வந்து குவிந்த மலிவான தெற்கத்தி ஒயின், இரண்டு உலகப்போர்கள், உறைபனி என்று அடிமேல் அடி விழுந்து, 1950களில் ஷாப்லியில் மிஞ்சியது சுமார் 500 ஹெக்டேர்தான். உறைபனியைச் சமாளிக்கக் கற்ற பிறகே தோட்டங்கள் பெருகின. இன்று 5,000 ஹெக்டேருக்கும் மேல்.

ஷாப்லி பற்றிப் பேசும் எவரும் கிம்மரிட்ஜியன் மண்ணைச் சொல்லாமல் விடமாட்டார்கள். சுமார் 15 கோடி ஆண்டுகளுக்கு முன்பு கடலடியில் படிந்த சுண்ணாம்பும் களியும் கலந்த மண். கையில் ஒரு கல்லை எடுத்துத் திருப்பினால், சுண்டுவிரல் நகம் அளவுள்ள சிப்பி ஓடுகள் கமா வடிவில் அப்பிக்கிடக்கும். உடனே ஒரு கதை கட்டிவிடுகிறார்கள்: மண்ணில் சிப்பி, அதனால் ஒயினில் கடல் சுவை, அதனால் சிப்பியோடு பொருத்தம். கேட்க நன்றாக இருக்கிறது, நான் நம்புவதில்லை. வேர் எடுத்துக்கொள்வது தண்ணீரையும் கரைந்த உப்புகளில் மிகச் சிறு அளவையும்தான். கல்லுக்கு மணமும் கிடையாது, அது பழத்துக்குள் ஏறுவதும் கிடையாது. அந்த மண் செய்யும் உண்மையான வேலை, மிகுந்த தண்ணீரை வடித்துவிட்டு வேண்டிய அளவை வைத்துக்கொள்வது. ‘கனிமச் சுவை’ என்று சொல்லப்படுவது, பழ வாசனை குறைந்து, புளிப்பு மிகுந்து, ஓக் மரப் பீப்பாயின் தலையீடு இல்லாத ஒயினுக்கு நாக்கு வைத்த பெயர் என்பதே என் எண்ணம். சிப்பியோடு பொருந்துகிறது என்பது மட்டும் நூற்றுக்கு நூறு உண்மை. காரணம் வேறு, பின்னால் வருகிறேன்.

இரண்டாவது புட்டியின் வெண்ணெய்க்கு வருவோம். வனிலா யாரும் கலந்ததல்ல, வெண்ணெயும் யாரும் போட்டதல்ல. மாலோலாக்டிக் மாற்றம் என்ற ஒன்றைப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். திராட்சையில் மாலிக் அமிலம் இருக்கிறது. பச்சை ஆப்பிளின் வெடுக்கென்ற புளிப்பு அதுவே. சர்க்கரையை ஈஸ்ட் மதுவாக்கி முடித்த பிறகு ஒரு பாக்டீரியா வந்து, அந்த மாலிக் அமிலத்தை லாக்டிக் அமிலமாக மாற்றும். லாக்டிக் நம் தயிரில் இருக்கும் அமிலம். புளிப்பின் கூர்மை மழுங்கி, வாய்க்கு மெத்தென்று இருக்கும். போகிற போக்கில் அந்தப் பாக்டீரியா டைஅசிட்டைல் என்ற பொருளையும் உண்டாக்குகிறது. நிஜ வெண்ணெய்க்கு வெண்ணெய் வாசனை தருவதும் அதே டைஅசிட்டைல்தான். தியேட்டர் பாப்கார்னின் ‘பட்டர்’ மணத்துக்காக உணவுத் தொழிற்சாலைகள் சேர்த்ததும் அதைத்தான். ஆக, உங்கள் மூக்கு ஏமாறவில்லை.

இங்கே பலரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. ஷாப்லியில் இந்த மாற்றம் நடப்பதில்லை, கலிஃபோர்னியாவில் நடக்கிறது, அதனால்தான் வித்தியாசம் என்பார்கள். பெரும்பாலான ஷாப்லியிலும் அது நடக்கிறது. நடந்த பின் ஒயினை அடியில் தங்கிய ஈஸ்ட் வண்டலோடு சில காலம் விட்டுவைத்தால், அந்த ஈஸ்ட்டே டைஅசிட்டைலை மணமற்ற வேறு பொருளாக மாற்றிவிடும். வெண்ணெய் வாசனை வேண்டும் என்று நினைப்பவர் மாற்றம் முடிந்ததும் கந்தகம் சேர்த்து, வடிகட்டி, வாசனையை அப்படியே பிடித்து வைத்துக்கொள்வார். எல்லாம் செய்பவரின் கையில் இருக்கிறது.

வனிலா வந்தது ஓக் பீப்பாயிலிருந்து. பீப்பாய் செய்யும்போது பலகையை வளைக்கத் தீ மூட்டி உள்பக்கத்தை வாட்டுவார்கள். மரத்திலிருக்கும் வனிலின், தேங்காய் மணம் தரும் லாக்டோன்கள், வறுத்த வாசனை எல்லாம் அங்கிருந்து ஒயினில் இறங்கும். பீப்பாய் புதிதானால் அதிகம், பழசானால் மணம் இராது, மெல்லக் காற்று மட்டும் ஊடுருவும். பர்கண்டிப் பீப்பாயின் கொள்ளளவு 228 லிட்டர், அதாவது ஏறக்குறைய 300 புட்டி. நல்ல புதுப் பிரெஞ்சுப் பீப்பாய் ஒன்று 900 யூரோ என்று வைத்தால், புட்டிக்கு 3 யூரோ மரத்துக்கே போய்விடும். அப்படியிருக்க, 5 யூரோ ஷார்டொனேயில் வனிலா மூக்கைத் துளைத்தால் அது பீப்பாயில் வளர்ந்ததாக இருக்காது. எஃகுத் தொட்டிக்குள் ஓக் சில்லுகளைப் போட்டு ஊறவைத்திருப்பார்கள். சட்டவிரோதமல்ல, ஐரோப்பிய ஒன்றியமே 2006இல் அனுமதித்துவிட்டது. குடித்துப் பார்த்தால் வனிலா ஒரு பக்கமும் ஒயின் ஒரு பக்கமுமாகப் பிரிந்து நிற்கும்.

இரண்டும் பிரியாமல் ஒன்றாய்ச் சேர்ந்த ஒயின் எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டுமானால் பர்கண்டியின் போன் நகரத்துக்குத் தெற்கே போகவேண்டும். மெர்சோ, புலினி-மோன்ராஷே, ஷசான்-மோன்ராஷே என்ற மூன்று கிராமங்கள் வரிசையாக. உலகத்தின் விலை உயர்ந்த வெள்ளை ஒயின்களில் பல அந்தச் சில கிலோமீட்டருக்குள் விளைகின்றன. மோன்ராஷே என்ற அந்தத் தோட்டம் மொத்தமே 8 ஹெக்டேர்தான், புலினி, ஷசான் என்ற இரண்டு கிராமங்களுக்கும் பொது. அதன் பெருமையில் பங்கு கேட்டு 1879இல் இரண்டு கிராமங்களும் தங்கள் பெயரோடு அதை ஒட்டவைத்துக்கொண்டன. மெர்சோவுக்கு, கிராண்ட் க்ரூ எனப்படும் உச்சத் தகுதி பெற்ற வெள்ளை ஒயின் தோட்டம் ஒன்றுகூடக் கிடையாது. ஆனாலும் எனக்கு மனசு போவது மெர்சோவிடம்தான். வறுத்த ஹேசல்நட், புது ரொட்டியின் மேலோடு, கொஞ்சம் பழுத்த பேரிக்காய், இவையெல்லாவற்றுக்கும் அடியில் விடாத ஒரு புளிப்பு. 

அமெரிக்கக் கதை சுவாரசியமானது. வென்டி குடும்பம் 1912இல் மோன்பெலியேவிலிருந்து கொடிக் கன்றுகளை வரவழைத்து லிவர்மோர் பள்ளத்தாக்கில் நட்டது. 1936இல் ஷார்டொனே என்ற திராட்சைப் பெயரையே லேபிளில் போட்டு விற்றது. கலிஃபோர்னியத் தோட்டங்களில் பாதிக்கு மேல் அந்தக் கொடியின் வாரிசுகள் என்பார்கள். பெரிய திருப்பம் 1976 மே 24. ஸ்டீவன் ஸ்பரியர் என்ற ஆங்கிலேய ஒயின் வியாபாரி பாரிசில், பெயர் மறைத்துச் சுவைக்கும் போட்டி ஒன்றை நடத்தினார். 6 கலிஃபோர்னிய ஷார்டொனேக்கள், 4 வெள்ளை பர்கண்டிகள், சுவைத்து மதிப்பெண் போட்டவர்கள் பிரெஞ்சு வல்லுநர்கள். முதலிடம் கலிஃபோர்னியாவின் நாபா பள்ளத்தாக்கைச் சேர்ந்த ஷாத்தோ மான்டலேனாவின் 1973 ஒயினுக்கு. செய்தவர் குரோஷியாவிலிருந்து வந்து குடியேறிய மைக் கர்கிச். இரண்டாமிடம் ரூலோவின் மெர்சோ. நடுவர்களில் ஒருவர் நாபா ஒயினை உறிஞ்சிவிட்டு, அப்பாடா பிரான்சுக்குத் திரும்பிவிட்டோம் என்று மகிழ்ந்தாராம். அங்கிருந்த ஒரே நிருபர் டைம் பத்திரிகையின் ஜார்ஜ் டேபர். அவர் எழுதியதால்தான் விஷயம் வெளியே வந்தது. இதில் வேடிக்கை என்னவென்றால், மான்டலேனாவின் ஷார்டொனே மாலோலாக்டிக் மாற்றத்தைத் தவிர்ப்பதற்குப் பேர்போனது. வெண்ணெய் இல்லாத ஒயின் ஜெயித்தது. அதன் பிறகு ஊரெல்லாம் வெண்ணெய் பெருகியது.

அதற்குக் காரணம் சந்தை. 1982இல் கெண்டல்-ஜாக்சன் நிறுவனத்தில் நொதித்தல் பாதியில் நின்று, கொஞ்சம் சர்க்கரை மிஞ்சிய ஷார்டொனே அமெரிக்கர்களுக்கு அமோகமாகப் பிடித்துப்போனது. இனிப்பு, வெண்ணெய், ஓக் மூன்றும் சேர்ந்த சூத்திரத்தை எல்லோரும் நகலெடுத்தார்கள். 1990களில் அலுத்துப்போய், ஷார்டொனே தவிர எதுவானாலும் கொடு என்பதே ஒரு கட்சியானது. இப்போது அங்கும் ஆஸ்திரேலியாவிலும் நிறையப் பேர் ஓக்கைக் குறைத்து, முன்னதாகவே பழத்தைப் பறித்துச் செய்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் மார்கரெட் ரிவர், யாரா பள்ளத்தாக்கு என்ற பெயர்கள் கண்ணில் பட்டால் தயங்காமல் எடுங்கள்.

வாங்கும்போது ஒரு சிக்கல்: பர்கண்டிக்காரர்கள் லேபிளில் பெரும்பாலும் திராட்சையின் பெயரைப் போடமாட்டார்கள், ஊரின் பெயர்தான். வெள்ளை பர்கண்டி என்றால் பெரும்பாலும் ஷார்டொனே என்று எடுத்துக்கொள்ளலாம். மெர்சோ விலைக்குக் கையைக் கடித்தால், தெற்கே மாக்கோன்-வில்லாஜ், சான்-வெரான், பூயி-ஃபுயிசே பக்கம் பாருங்கள். அங்கே வெயில் கொஞ்சம் அதிகம், பழம் நன்றாகக் கனியும், ஓக் இல்லாமலும் இதமாக இருக்கும். முதன்முதலில் ஷார்டொனே குடிப்பவருக்கு நான் கொடுப்பது அதைத்தான். பூயி-ஃப்யூமே என்று இன்னொன்று கண்ணில் படும். அது வேறு பகுதி, வேறு திராட்சை: சோவினியோன் பிளாங். ஷாம்பெயினில் ‘பிளாங் தெ பிளாங்’ என்று இருந்தால் வெள்ளைத் திராட்சையிலிருந்து மட்டும் செய்தது, அநேகமாக முழு ஷார்டொனே. இந்தியாவில் சோலாப்பூர் மாவட்டத்து அக்லுஜில் ஃப்ராட்டெல்லி ஷார்டொனே போடுகிறது. வெப்ப பூமியில் புளிப்பை நிறுத்தி வைப்பது பெரும்பாடு, அதை மனதில் வைத்துக் குடியுங்கள்.

சாப்பாட்டுக்கு வருவோம். ஒயினின் கனமும் சாப்பாட்டின் கனமும் ஒத்திருக்க வேண்டும், தட்டில் இருக்கும் புளிப்பை விட ஒயினின் புளிப்பு ஒரு படி மேலே இருக்க வேண்டும். இந்த இரண்டையும் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் பின்னால் வரும். பச்சைச் சிப்பி உப்பு நிறைந்தது, கொழுப்பு அதிகமில்லாதது. உப்பு, ஒயினின் புளிப்பைத் தணிக்கும். ஷாப்லியின் புளிப்பு, சிப்பி மேல் பிழியும் எலுமிச்சையின் வேலையைப் பார்க்கும். பொருத்தத்தின் காரணம் அவ்வளவுதான், மண்ணில் கிடக்கும் ஓடு அல்ல. தனியாகக் குடித்தபோது உங்கள் வாயைச் சுருக்கிய அதே புட்டியை அடுத்த முறை உப்புத் தூவிய பொரித்த மீனோடு குடித்துப் பாருங்கள், வேறு ஒயினோ என்று சந்தேகம் வரும். ஆட்டுப்பால் சீஸ், பூண்டு வெண்ணெயில் வெந்த நத்தை, பர்கண்டியின் கூஜேர் எனப்படும் சீஸ் உப்பல்கள் எல்லாம் இந்தப் பக்கம்.

ஓக்கில் வளர்ந்த மெர்சோ வகைக்கு வெண்ணெயும் பாலேடும்தான் கூட்டாளி. பிரான்சின் பிரெஸ் பகுதிக் கோழியைக் காளானும் பாலேடும் சேர்த்து வேகவைப்பது, வெண்ணெயில் வாட்டிய சோல் மீன், வெண்ணெய் ஊற்றிய லாப்ஸ்டர். பல மாதங்கள் முதிர்ந்த கோம்த்தே சீஸில் வரும் கொட்டை வாசனையும் மெர்சோவின் கொட்டை வாசனையும் ஒன்றையொன்று தேடிப் போகும். கனத்த கலிஃபோர்னிய ஷார்டொனேக்குச் சுட்ட சோளம், பரங்கிக்காய், வறுத்த கோழி. இனிப்புத்தன்மையுள்ள காய்களோடு அந்த ஒயினின் பழுத்த சுவை ஒத்துப்போகும். பச்சைச் சிப்பியோடு மட்டும் அதைக் கொடுக்காதீர்கள், ஓக்கின் கசப்பு உலோகம் போல நாக்கில் நிற்கும்.

நம் சாப்பாட்டோடு? மிளகாய் இருக்கிற இடத்தில் மது எரிச்சலைக் கூட்டும், ஓக் கசக்கும். 14 சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால் உள்ள கலிஃபோர்னியப் புட்டியைக் காரக் குழம்போடு வைத்தால் இரண்டும் கெட்டன. புளிக்குழம்பும் வேண்டாம், புளிக்கு முன்னால் எந்த ஷார்டொனேயும் சப்பென்று போய்விடும். ஆனால் தேங்காய்ப் பால் சொதி இருக்கிறதே, காரம் மட்டாக, இடியாப்பத்தோடு, அதற்குப் பூயி-ஃபுயிசே அருமையாகப் போகும். தேங்காய்ப் பாலின் கொழுப்பும் அந்த ஒயினின் இதமும் ஒரே தடிப்பு. சட்னி இல்லாத சூடான உளுந்து வடைக்கு பிளாங் தெ பிளாங் ஊற்றிப் பாருங்கள். சிரிப்பாக இருக்கும், வடை தீர்ந்துவிடும்.

கடைசியாகக் குளிர். பிரிட்ஜில் 4 டிகிரியில் கிடந்ததை எடுத்த கையோடு ஊற்றினால் வாசனை எதுவும் எழாது, புளிப்பும் கசப்பும் மட்டும் தெரியும். உங்கள் ஷாப்லிக்கு இதுவும் நடந்திருக்கலாம். ஷாப்லி, மாக்கோன் வகைக்கு 9-10 டிகிரி, ஓக்கில் வளர்ந்ததற்கு 12-13 டிகிரி. நம் ஊர் வெப்பத்தில் ஷாப்லியை வெளியே எடுத்து 10 நிமிடம், மற்றதை 20 நிமிடம் வைத்தால் சரியாக இருக்கும். திறந்த புட்டியை மூடி பிரிட்ஜில் வைத்தால் மூன்று நாள் தாங்கும். அதற்கு மேல் மிஞ்சினால், ஓக் இல்லாததைச் சமையலுக்கு எடுத்துக்கொள்ளலாம், மட்டி வேகவைக்க நன்றாக இருக்கும். ஓக் உள்ளதை அடுப்பில் ஏற்ற வேண்டாம், சுண்டச் சுண்டக் கசக்கும்.